சிங்கப்பூர், துபாய், பாங்காக், டோக்கியோ: எங்கே வாங்கினால் வரி கைக்குத் திரும்பும்?

வெளிநாட்டுச் சுற்றுலாவில் வாங்கும் பொருள்களுக்கு அந்நாட்டு விற்பனை வரியைத் திரும்பப் பெறலாம் என்று தெரிந்தவுடன், பெரும்பாலோர் முதலில் ஒப்பிட்டுப் பார்ப்பது வரி விகிதத்தைத்தான். ஜப்பானில் 10 விழுக்காடு, சிங்கப்பூரில் 9, தாய்லாந்தில் 7, துபாயில் 5 என்று எண்களை வரிசைப்படுத்தி, துபாயைக் கடைசியில் தள்ளிவிடுவார்கள். ஆனால் கையில் வந்து சேரும் தொகையை முடிவு செய்பவை மூன்று: ஒரு கடையில் எவ்வளவுக்கு வாங்க வேண்டும், நடுவில் இருந்து வரியைத் திருப்பித் தரும் நிறுவனம் எவ்வளவு பிடித்துக்கொள்கிறது, எந்த வழியாக நாட்டை விட்டு வெளியேறுகிறோம் என்பவை. இம்மூன்றில் கடைசியானதே நம் ஊரிலிருந்து போகிறவர்களுக்கு அதிக நஷ்டத்தை உண்டாக்குகிறது.

சிங்கப்பூரில் ஒரே கடையில் வரி உட்பட 100 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) வாங்கினால் போதும். ஒரே நாளில் அதே கடையில் வாங்கிய மூன்று ரசீதுகள் வரை சேர்த்தும் அந்தத் தொகையைக் காட்டலாம். 1,090 வெள்ளி கொடுத்து வாங்கும் பொருளில் 90 வெள்ளி ஜிஎஸ்டி அடங்கியிருக்கும். நிறுவனத்தின் கட்டணம் போக மீதி கிடைக்கும். கடையில் அசல் பாஸ்போர்ட்டைக் காட்டியே ஆக வேண்டும். நகலோ, கைப்பேசியில் உள்ள படமோ செல்லாது. அங்கே வேலை அனுமதியில் இருக்கும் தம்பியோ மகளோ தங்கள் பெயரில் வாங்கிக் கொடுத்தால் இந்தச் சலுகை கிடையாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

சிங்கப்பூர்த் திட்டம் விமானத்தில் வெளியேறுகிறவர்களை மனத்தில் வைத்து அமைந்தது. உட்லண்ட்ஸ் எல்லைச் சோதனைச்சாவடி வழியாகப் பேருந்தில் மலேசியாவின் ஜோகூர் போகிறவருக்கு ஒரு காசும் திரும்பாது. சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் புறப்படும் சுற்றுலாக்களில் சிங்கப்பூரும் மலேசியாவும் சேர்ந்தே இருப்பது வழக்கம். முதலில் சிங்கப்பூரில் இறங்கி, முஸ்தபா கடையில் பெட்டி நிறைய வாங்கி, சாலை வழியாகக் கோலாலம்பூர் சென்று அங்கிருந்து விமானம் ஏறுகிறவர், ரசீதுகளையெல்லாம் பத்திரமாக வைத்திருந்தாலும் வரியை இழந்துவிடுகிறார். மலேசியா 2018 செப்டம்பரில் ஜிஎஸ்டியை விட்டு விற்பனை, சேவை வரிக்குத் திரும்பியபோது, சுற்றுலாப் பயணிகளுக்கு வரியைத் திருப்பித் தரும் ஏற்பாடும் அங்கே இல்லாமல் போனது. ஆகவே கோலாலம்பூரை முதலிலும் சிங்கப்பூரைக் கடைசியிலும் வைத்து, அங்குள்ள சாங்கி விமான நிலையத்திலிருந்து ஊர் திரும்பும்படி பயணச்சீட்டு எடுப்பதே சரி. செலவில்லாமல் செய்யக்கூடிய இந்த ஒரு மாற்றத்தைச் சுற்றுலா நடத்துகிறவர்கள் தாங்களாகவே சொன்னால் எத்தனையோ குடும்பங்களுக்கு உதவியாக இருக்கும்.

சாங்கியில் வேலை எளிது. தானியங்கி இயந்திரத்தில் பாஸ்போர்ட்டை வைத்தால் வாங்கியவை திரையில் வரும். பெட்டியில் போடும் பொருள் என்றால், பெட்டியை விமான நிறுவனத்திடம் ஒப்படைக்கும் முன்னரே அங்குள்ள இயந்திரத்தில் பதிய வேண்டும். சுங்க அதிகாரி பொருளைப் பார்க்க வேண்டும் என்று திரையில் வந்தால் காட்ட வேண்டியிருக்கும். கையில் கொண்டுபோகும் பொருளை உள்ளே போன பிறகும் பதியலாம். வாங்கிய நாளிலிருந்து இரண்டு மாதத்துக்குள் புறப்பட்டுவிட வேண்டும்.

துபாயில் 5 விழுக்காடு வாட் வரி 2018 ஜனவரியில் தொடங்கியது. பயணிகளுக்குத் திருப்பித் தருவது அவ்வாண்டு நவம்பரில் தொடங்கியது. குறைந்தபட்சக் கொள்முதல் 250 திர்ஹாம். வரியில் சுமார் 85 விழுக்காடு மட்டுமே திரும்பும், அதிலும் ஒவ்வொரு ரசீதுக்கும் 4.80 திர்ஹாம் கழியும். 262.50 திர்ஹாமுக்கு ஒரு வாசனைத் திரவியம் வாங்கினால் அதில் வரி 12.50, கழிவுகள் போகக் கைக்கு வருவது சுமார் 6 திர்ஹாம், அதாவது கட்டிய வரியில் பாதிகூட இல்லை. அதே துபாயில் 10,500 திர்ஹாமுக்கு நகை வாங்கினால் வரி 500, திரும்புவது 420க்கு மேல். எனவே துபாயில் சில்லறைச் சாமான்களுக்காக வரிசையில் நிற்பது வீண். பெரிய ரசீது ஒன்றிரண்டு இருந்தால் மட்டுமே பலன் உண்டு. தூய தங்கக் கட்டி, நாணயம் ஆகியவற்றுக்கு அங்கே 5 விழுக்காடு வரி விழுவதில்லை என்பதால் திரும்பப் பெற எதுவும் இராது. சிங்கப்பூரிலும் முதலீட்டுக்கான தங்கத்துக்கு ஜிஎஸ்டி இல்லை. சிராங்கூன் சாலையில் வாங்கும் நகைக்கு உண்டு.

பாங்காக் எனக்கு மூன்றாவது இடம்தான். ஒரு கடையில் ஒரே நாளில் 2,000 பாட்டுக்கு வாங்கியிருக்க வேண்டும். கடைக்காரர் அங்கேயே படிவம் எழுதித் தர வேண்டும். விமான நிலையத்தில் ரொக்கமாக வாங்கினால் 100 பாட் கட்டணம் கழியும். 2,000 பாட் கொள்முதலில் அடங்கிய வரியே சுமார் 130 பாட் என்னும்போது, ஒரே ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு நிற்பதில் அர்த்தமில்லை. பல கடைப் படிவங்கள் சேர்ந்தால் கேட்கலாம்.

ஜப்பானின் சிறப்பு, கடையிலேயே வரியைக் கழித்துக்கொண்டு விற்பது. வரி நீங்கலாக 5,000 யென்னுக்கு வாங்கி பாஸ்போர்ட்டைக் காட்டினால் அப்போதே வேலை முடிந்துவிடும். வசதியில் இதற்கு ஈடில்லை. ஆனால் 2026 நவம்பர் 1 முதல் வரியைக் கட்டி வாங்கி, புறப்படும்போது சுங்கச் சோதனைக்குப் பிறகு திரும்பப் பெறும் முறைக்கு ஜப்பானும் மாறுகிறது. அழகுசாதனம், தின்பண்டம் போன்றவற்றை முத்திரையிட்ட பையில் பிரிக்காமல் கொண்டுவர வேண்டும் என்ற கட்டுப்பாடும் அத்தோடு போகிறது.

லண்டனில் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள் இந்தக் கணக்கையே மறந்துவிடலாம். 2021 ஜனவரி முதல் இங்கிலாந்துக் கடைகளில் வாங்கிக் கையில் கொண்டுவரும் பொருளுக்கு வரி திரும்புவதில்லை.

கைப்பேசி, கேமரா, கைக்கடிகாரம் போன்றவற்றுக்குச் சிங்கப்பூரையும், கனமான நகைக்குத் துபாயையும் நான் தேர்ந்தெடுப்பேன். ஆனால் அங்கே திரும்பிய வரி இங்கே சுங்கமாகப் போய்விடக் கூடாது. வயது வந்த பயணி ஒருவர் ஒரு மடிக்கணினியை இந்தியாவுக்குள் சுங்கமின்றிக் கொண்டுவரலாம். நகைக்கான சலுகையோ ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் தங்கியவர்களுக்குத்தான் பொருந்தும். ஒரு வாரச் சுற்றுலா போய்வருகிறவர் துபாய் நகைக்கு இங்கே கட்ட வேண்டிய சுங்கத்தையும் விலையோடு சேர்த்துப் பார்த்த பிறகே வாங்க வேண்டும்.