பழைய இரும்பு பிளேனரா, புது சின்ன பிளேனரா?

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் வீட்டிலேயே மரவேலை தொடங்குபவர்களுக்கு இந்தக் குழப்பம் உண்டு: மரத்தை இழைக்கும் மெஷினான பிளேனர் வாங்கும்போது, பட்டறையில் ஓடிய பழைய வார்ப்பிரும்பு பிளேனரா, மேஜை மேல் வைக்கும் புது மெஷினா?

உழைப்பு: பழையது புளி, வேம்பு மாதிரி கெட்டி மரத்தையும் அதிராமல் இழைக்கும். புதியதில் பெரும்பாலும் கார்பன் பிரஷ் மோட்டார். சத்தம் அதிகம், தொடர்ந்து ஓட்டினால் சூடேறும். மாம்பலகைக்குத் தாராளமாகப் போதும்.

கரண்ட்: பழையது பெரும்பாலும் த்ரீ பேஸ், 415 வோல்ட். வீட்டில் சிங்கிள் பேஸ் என்றால் மோட்டாரை மாற்ற வேண்டும், இல்லை சிங்கிள் பேஸை த்ரீ பேஸாக்கித் தரும் வி.எஃப்.டி. கருவி வைக்க வேண்டும். அந்தச் செலவையும் விலையோடு கூட்டிப் பாருங்கள். புதியது பிளக்கில் செருகினால் ஓடும்.

இடம்: பழையதற்குக் கொட்டகையும் சிமென்ட் தரையும் வேண்டும்; ஓசூரிலிருந்து கொண்டுவந்தால் இறக்கவே நாலு பேர். புதியதை ஒருவரே நகர்த்தலாம்.

பழையது பார்க்கப் போனால் மெயினை அணைத்து, பெல்ட்டைக் கழற்றி, பிளேடில் விரல் படாமல் புல்லியைக் கையால் சுற்றுங்கள். கரகரவென்றால் பேரிங் போச்சு. அது சின்னச் செலவுதான். அப்புறம் பிளேனரின் மேஜைமேல் நேரான பட்டையை வைத்து அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். மேஜை வளைந்திருந்தாலோ, விரிசலை வெல்டிங் வைத்து மறைத்திருந்தாலோ எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

கதவு, கட்டில் என்று ஆர்டர் எடுப்பவருக்குப் பழையது. ஞாயிற்றுக்கிழமை ஸ்டூலும் அலமாரியும் செய்பவருக்குப் புதியது.