மெதுவான அறிவியல் புனைவுப் படம்: திருவனந்தபுரம் ஐமேக்ஸா, வீட்டு டிவியா?

'டியூன்' போன்ற படங்களைப் பற்றி "கண்ணுக்கு விருந்து, ஆனா நகரவே மாட்டேங்குது" என்ற பேச்சைக் கேட்டு, ஐமேக்ஸ் எனும் ராட்சதத் திரைக்குப் போவதா, வீட்டிலேயே பார்ப்பதா என்று குழம்பும் குமரி மாவட்டத்தவருக்கு:

செலவு: நாகர்கோவிலிலிருந்து லுலு மால் ஐமேக்ஸ் ஏறத்தாழ 70 கி.மீ.; டிக்கெட்டோடு பயணமும் சாப்பாடும் சேரும். வீட்டில் ஓடிடி சந்தா மட்டும்.

காட்சி: 'டியூன்' (2021) படத்தின் பல காட்சிகள் ஐமேக்ஸில் 1.90:1 (அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம்) ஆக உயரும். வீட்டில் 2.39:1, டிவி உயரத்தில் கால்வாசி கறுப்புப் பட்டைக்கே போய்விடும். இருட்டுக் காட்சிகள் திட்டுத்திட்டாகத் தெரிந்தால் காரணம் பெரும்பாலும் குறைந்த டேட்டா வேகம். 4கே திட்டமும் 15 எம்பிபிஎஸ் வேகமும் வேண்டும். மோஷன் ஸ்மூத்திங்கை (அசைவை வழவழப்பாக்கும் டிவி அமைப்பு) அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் சீரியல் போலத் தெரியும்.

பொறுமை: 'டியூன்' 155 நிமிடம். அதன் நிதானம் பிரம்மாண்டத்தோடும் அடிவயிறு அதிரும் ஒலியோடும் சேர்ந்தே வேலை செய்கிறது. சின்னத் திரையில் நிதானம் மட்டும் மிஞ்சும். கை போனுக்குப் போகும்.

காட்சிக்காகவே பார்ப்பவர் ஐமேக்ஸ் போகட்டும். மதியக் காட்சி எடுத்தால் தம்பானூர் பஸ் நிலையத்தில் ஊர் திரும்பும் பஸ்ஸுக்குக் கவலையில்லை. கதைக்காகவோ குழந்தைகளோடோ என்றால் வீடே சரி, நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம்.