சோலாரிஸின் பிஎஸ்ஆர்அட்ம்: பிடித்ததும் பிடிக்காததும்

சர்வரை நிறுத்தாமல் ஒரு ப்ராசஸரை மட்டும் அணைக்க வேண்டுமென்றால், நான் பார்த்தவற்றில் நம்பிக்கையான கருவி சோலாரிஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்தோடு வரும் பிஎஸ்ஆர்அட்ம் கமாண்ட்தான். நான் பார்த்துக்கொள்வது சன் ஃபயர் டி2000 சர்வர், அதில் சோலாரிஸ் 10.

ரூட்டாக இருந்து ‘பிஎஸ்ஆர்அட்ம் -எஃப் 4’ என்று சின்ன எழுத்து எஃப் போட்டு அடித்தால் போதும்; 4 என்பது அணைக்க வேண்டிய ப்ராசஸரின் எண். சரியாக நடந்துவிட்டால் திரையில் எதுவும் வராது. அப்புறம் ப்ராசஸர்களின் நிலையைக் காட்டும் பிஎஸ்ஆர்இன்ஃபோ கமாண்ட் போட்டுப் பாருங்கள்: 4-க்கு நேரே ஆஃப்-லைன் என்றும், எந்தத் தேதி, எத்தனை மணியிலிருந்து என்றும் விநாடி வரை இருக்கும். ஷிஃப்ட் மாறி வருகிறவருக்கு அந்த ஒரு வரி பெரிய உதவி. -என் கொடுத்தால் ப்ராசஸர் திரும்ப வேலைக்கு வந்துவிடும். அணைக்காமல், டிஸ்க், நெட்வொர்க் இன்டரப்ட் (அந்தச் சாதனங்கள் கவனிக்கச் சொல்லி அனுப்பும் சிக்னல்) மட்டும் அதற்குப் போகாமல் தடுக்க -ஐ இருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது, இது முடியாது என்று சொல்லும் இடம். பிபைண்ட் கமாண்ட் வைத்து ஒரு புரோகிராமை அந்த ப்ராசஸரோடு கட்டியிருந்தால், அணைக்க மறுத்துவிடும். பெரிய எழுத்து எஃப் கொடுத்தால்தான் கட்டை அவிழ்த்துவிட்டு அணைக்கும். லினக்ஸில் ஒரு சிபியுவை அணைக்க அதன் ‘ஆன்லைன்’ என்ற ஃபைலில் 0 எழுதினால், கட்டி வைத்த புரோகிராமையும் உங்களைக் கேட்காமல் வேறு சிபியுவுக்குத் தள்ளிவிடும். டேட்டாபேஸ் ஓடும் மெஷினில் எனக்கு அது ஒத்துவராது. மிச்சமிருக்கும் கடைசி ப்ராசஸரையும் பிஎஸ்ஆர்அட்ம் அணைக்க விடாது.

குறை என்றால், இதற்கு கோர் கணக்கு தெரியாது. டி2000-இல் இருக்கும் 8 கோர் டி1 சிப்பில் கோருக்கு 4 த்ரெட், அதாவது ஒரே கோரைப் பங்குபோடும் நான்கு ஓட்டங்கள். ஒவ்வொரு த்ரெட்டும் ஒரு ப்ராசஸராக, மொத்தம் 32 ப்ராசஸராகத் தெரியும். 4-ஐ அணைத்தாலும் அதே கோரில் 5, 6, 7 ஓடிக்கொண்டேதான் இருக்கும். பாதி மெஷினில் பேட்ச் ஜாப் எப்படி ஓடும் என்று பார்க்க நினைப்பவர்கள் ஒன்றுவிட்டு ஒன்று அணைக்காதீர்கள். எட்டு கோரும் உயிரோடு இருக்கும், மிஞ்சிய த்ரெட்கள் வேகமாக ஓடும், டெஸ்ட் ரிசல்ட் உங்களை ஏமாற்றும். 16-31 என்று வரிசையாக அணையுங்கள்; நான்கு கோர் முழுதாக அணையும்.

ரீபூட் செய்தால் நீங்கள் அணைத்தது எல்லாம் மறுபடி ஆன் ஆகிவிடும். நிரந்தரமாக ஒதுக்க வேண்டுமென்றால் சிஸ்டம் கன்ட்ரோலருக்குப் (சர்வரைத் தனியாக நிர்வகிக்கும் உள் கன்ட்ரோலர்) போய் டிசேபிள்கம்போனென்ட் கமாண்ட் கொடுங்கள்; அடுத்த ரீசெட்டில் அது அமலுக்கு வரும்.