ஐயாயிரம் பெயரில் எத்தனை தேறும்? ஆண் குழந்தைப் பெயர்ப் புத்தகங்களும் செயலிகளும்

மகனுக்குப் பழைய தமிழ்ப் பெயராக வைக்க வேண்டும் என்று தேடுகிறவர் கைக்கு இன்று மூன்று சரக்கு வருகிறது. பேருந்து நிலையக் கடையிலும் கோயில் வாசலிலும் தொங்கும் பெயர்ப் புத்தகம் ஒன்று. கைபேசிச் செயலி இன்னொன்று. ‘அதிர்ஷ்டப் பெயர்’ எழுதித் தரும் எண்கணித சேவை மூன்றாவது. புத்தகத்தை வாங்கலாம், ஆனால் பிரித்துப் பார்த்து வாங்க வேண்டும். செயலி மேலோட்டமாகப் புரட்ட மட்டும் ஆகும். மூன்றாவதற்குக் காசு கொடுப்பது வீண்.

புத்தக அட்டையில் 5000, 10000 என்று போட்டிருக்கும் எண்ணை நம்ப வேண்டாம். கவின், கவினன், கவின்குமார், கவின்ராஜ், கவின்செல்வன் என்று ஒரே பெயருக்கு வால் ஒட்டி ஒட்டித்தான் பக்கம் நிரம்புகிறது. கடையில் நின்றபடியே தரத்தைப் பார்த்துவிடலாம். ‘தூய தமிழ்ப் பெயர்கள்’ பகுதியைத் திறந்து ‘அகிலன்’ இருக்கிறதா என்று தேடுங்கள். அகிலம் வடசொல். ‘தருண்’ இருந்தால் அதுவும் அப்படித்தான். இரண்டும் வைக்கத் தகுந்த பெயர்கள், அதில் சண்டை இல்லை. எதை எந்தத் தலைப்பில் வைப்பது என்று தொகுத்தவருக்குத் தெரிந்திருக்கிறதா என்பதுதான் சோதனை. தலைப்பையே ‘தூயத் தமிழ்’ என்று ஒற்றுப் போட்டு அச்சடித்திருந்தால் மேலே பார்க்கவே வேண்டாம், வைத்துவிடுங்கள்.

அடுத்த சோதனைக்கு ‘அருண்மொழி’யைப் பாருங்கள். முதலாம் இராசராசனின் இயற்பெயர். அருள் + மொழி. மகரம் வரும்போது ளகரம் ணகரமாகத் திரிந்து அருண்மொழி ஆகிறது. சூரியனின் தேரோட்டியான அருணனுக்கும் இதற்கும் தொடர்பே கிடையாது. ‘சூரியனைப் போன்ற மொழி உடையவன்’ என்று ஒரு புத்தகம் பொருள் சொன்னால், சந்தி தெரியாதவர் தொகுத்தது அது. கரிகாலனுக்கு வெறுமனே ‘சோழ மன்னன்’ என்று போட்டிருந்தாலும் குறைதான். அது பொருள் இல்லை, அடையாளம். நெருப்பில் கால் கருகியவன் என்றும், யானைகளுக்குக் காலன் என்றும் இரண்டு விளக்கம் சொல்லப்படுகிறது. பெயர் வைக்கிறவருக்கு இரண்டும் தெரிய வேண்டாமா?

இந்தப் புத்தகங்களின் பெரிய சிக்கல் பின்பக்கத்தில் இருக்கும் நட்சத்திர எழுத்துப் பட்டியல். 27 நட்சத்திரம், ஒவ்வொன்றுக்கும் 4 பாதம், ஆக 108 எழுத்து. அவகஹடா சக்கரம் என்று பெயர். பெயரிலேயே ‘ஹ’ இருப்பதைக் கவனியுங்கள். இது வடமொழி எழுத்துக்குப் போட்ட கணக்கு. தமிழில் ட, ர, ல சொல்லுக்கு முதலில் வராது என்பது இலக்கணம். அதனால்தான் கம்பனில் இராமனும் இலக்குவனும் இகரம் சேர்த்துக்கொண்டு வருகிறார்கள். பரணிக்கு லி, லு, லே, லோ என்றும் ஆயில்யத்துக்கு டி, டு, டே, டோ என்றும் பட்டியல் சொல்லும்போது பழந்தமிழ்ப் பெயருக்கு எங்கே போவது? ஆயில்யத்துக்குக் கடைசியில் டில்லிபாபுதான் மிஞ்சுவார். திருவாதிரைக்கு ஒரு பாதத்தில் ‘ங’ வருகிறது. அந்த எழுத்துக்கு ஒரு சொல் தேடி ஔவையே ‘ஙப்போல் வளை’ என்று எழுத்தின் வடிவத்தைச் சொல்லித்தான் தப்பித்தார்.

க, த, ப வரிசையிலும் குழப்பம் உண்டு. வடமொழியில் நான்கு வேறு எழுத்தாக இருப்பது தமிழில் ஒரே எழுத்தாகிவிடுவதால், ஒரே ‘தி’ விசாகத்திலும் பூரட்டாதியிலும் வந்து நிற்கும். புத்தகத்துக்குப் புத்தகம் பட்டியல் மாறுவதற்கு இதுவும் ஒரு காரணம். இன்னொரு காரணம் நேரம். சந்திரன் ஒரு பாதத்தைக் கடக்க ஏறத்தாழ 6 மணி நேரம். பாதம் மாறும் நேரத்தை ஒட்டிப் பிறந்த குழந்தைக்கு வாக்கியப் பஞ்சாங்கம் ஒரு பாதமும் திருக்கணிதம் வேறு பாதமும் காட்டக்கூடும். வீட்டில் எதைப் பார்க்கிறீர்களோ அந்த ஒன்றையே கடைசி வரை பிடித்துக்கொள்ளுங்கள்.

எழுத்துப் பொருத்தம் இல்லாவிட்டால் ஆகாது என்று பெரியவர்கள் சொன்னால் ஒரு பதில் கைவசம் இருக்கட்டும். இராசராசன் சதய நட்சத்திரம். ஆண்டுதோறும் தஞ்சைப் பெரிய கோயிலில் சதய விழா எடுக்கிறோம். சதயத்துக்குப் பட்டியல் தரும் எழுத்து கோ, ஸ, ஸி, ஸு. பிள்ளைக்கு வைத்த பெயரோ அருண்மொழி. நம் வீடுகளில் பழைய வழக்கம் தாத்தா பெயரை வைப்பது. பெயரைத் தாங்குகிறவன் பெயரன், அதுவே பேரன். மாமனார் பெயரை மருமகள் வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்பதால் வீட்டில் கூப்பிட வேறொரு பெயரும் வைத்தார்கள். எழுத்தும் வேண்டும், பழைய பெயரும் வேண்டும் என்றால் இந்த இரட்டைப் பெயர் ஏற்பாடு இன்றைக்கும் உதவும். நட்சத்திரப் பெயரைக் காதில் ஓதிவிட்டு, சான்றிதழில் விரும்பிய பெயரைப் போடலாம்.

செயலிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆங்கிலப் பட்டியலைத் தமிழ் எழுத்தில் ஏற்றியவையே பெரும்பாலும். மாறன் ‘மரன்’ ஆகியிருப்பான். எந்தப் பெயரைத் தொட்டாலும் அழகு, ஒளி, கடவுளின் பரிசு. பிறந்த நேரமும் தொலைபேசி எண்ணும் கேட்கிற செயலியை அந்த இடத்திலேயே மூடிவிடுங்கள்.

எண்கணிதத்துக்கு ஒரே ஒரு கணக்கு போதும். ஆங்கிலத்தில் நாலெழுத்தாக எழுதிய ‘பாரி’யை எடுத்துக்கொள்வோம். நம் ஊரில் அதிகம் புழங்கும் கல்தேய முறையில் பி 8, ஏ 1, ஆர் 2, ஐ 1. கூட்டினால் 12, அதாவது 3. பித்தாகரஸ் முறையில் 7, 1, 9, 9. கூட்டினால் 26, அதாவது 8. பிள்ளை ஒருவன், பெயர் ஒன்று, எண் மட்டும் இரண்டு. ‘ஏ’ ஒன்று கூட்டுங்கள் என்பார் கல்தேயக்காரர். கூட்டினால் 13, அதாவது 4. கூட்டிய அந்த எழுத்து ஒரு சான்றிதழில் ஏறி இன்னொன்றில் விட்டுப்போனால், அதைத் திருத்த அலைவது பிள்ளைதான்.

காசே இல்லாமல் கிடைக்கும் நல்ல பெயர்ப் புத்தகம் புறநானூறு. உ.வே.சா.வின் 1894ஆம் ஆண்டுப் பதிப்பில் பாடினோர், பாடப்பட்டோர் பற்றிய குறிப்புகள் உண்டு. மூலமும் அகராதிகளும் தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் கிடைக்கின்றன. பாரி, ஓரி, நள்ளி, பேகன், குமணன், நலங்கிள்ளி, வளவன், செழியன், கபிலன், பரணன்: சுருக்கமானவை, சொல்ல எளியவை. பூரம் முதல் பாதத்துக்கு ‘மோ’ வேண்டுமென்றால் முரசுகட்டிலில் உறங்கியபோது சேரமான் கவரி வீசிய மோசிகீரன் இருக்கிறார். எல்லாப் பெயரும் ஆகாதுதான். நரிவெரூஉத்தலையாரைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப முடியாது. பெயரின் வேரைப் பார்க்க சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் இணையத்தில் இருக்கிறது. வடசொல்லாக இருந்தால் மூலச் சொல்லைக் கூடவே கொடுத்திருக்கும்.

பிடித்த பெயரை முடிவு செய்யும் முன் வாசலில் நின்று கூப்பிட்டுப் பாருங்கள். செழியன் ‘செழியா’ ஆகும், மாறன் ‘மாறா’ ஆகும், இளம்பரிதி ‘பரிதி’யாகச் சுருங்கும். பிறகு ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். நெடுஞ்செழியன் 14 எழுத்து. ழகரத்துக்கு இசட்-எச் போட்டால் வடக்கே எழிலனை ‘எசிலன்’ என்பார்கள். எல் போட்டால் ‘எலிலன்’. ஏதாவது ஒன்றுக்கு மனதைத் தேற்றிக்கொண்டு எல்லாத் தாளிலும் அதையே எழுதுங்கள்.

மருத்துவமனையிலேயே பெயர் கேட்டால் பதற வேண்டாம். 21 நாளுக்குள் பதிய வேண்டியது பிறப்பை மட்டுமே, பெயர் இல்லாமலே பதியலாம். பதிந்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் பெயரைக் கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதற்குப் பின் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்க வழி உண்டு. ஆனால் ஒருமுறை ஏறிய பெயரைப் பிறப்புப் பதிவில் மாற்ற விடமாட்டார்கள், பிறகு அரசிதழ்தான். 2023 அக்டோபர் 1 முதல் பிறக்கும் குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஆதார், கடவுச்சீட்டு எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழே ஆதாரம் என்பதால் அதில் ஏறும் எழுத்துதான் கடைசி வரை வரும்.

படிவத்தில் எழுதும் முன் தலைப்பெழுத்தையும் சேர்த்து ஒருமுறை வாசித்துவிடுங்கள். அப்பா சரவணன் என்றால் மகன் ச.பாரி. ஏழுமலை மகனுக்கு மாறன் என்று வைத்தால், வகுப்பில் ஏ.மாறன்.