கெட்டிஸ்பர்க் போர்க்களத்தில் ஒரு வழிகாட்டியுடன்

பென்சில்வேனியாவில் உள்ள கெட்டிஸ்பர்க் போர்க்களத்தை உரிமம் பெற்ற வழிகாட்டி ஒருவருடன் சுற்றிப் பார்க்குமாறு, வட மாநிலங்களும் தென் மாநிலங்களும் மோதிய அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றி அறிய விரும்பும் அனைவருக்கும் பரிந்துரைக்கிறேன். 1915 முதல் வழங்கப்படும் இந்த உரிமத்தைப் பெற எழுத்துத் தேர்விலும் வாய்மொழித் தேர்விலும் தேற வேண்டும். நம்முடைய காரை வழிகாட்டியே ஓட்டிச் சென்று, ஏறத்தாழ இரண்டு மணி நேரம் களத்தைக் காட்டுகிறார்.

எங்களுக்கு வழிகாட்டியாக வந்த பெரியவர், தளபதிகளைக் காட்டிலும் சிப்பாய்களைப் பற்றியே அதிகம் பேசினார். கலகக்காரன் என்று பொருள்படும் 'ரெபல்' என்ற சொல்லிலிருந்து தெற்கத்தியச் சிப்பாய் 'ஜானி ரெப்' ஆனதையும், 'யாங்கி' என்பதிலிருந்து வடக்கத்தியச் சிப்பாய் 'பில்லி யாங்க்' ஆனதையும் சொல்லிவிட்டு, பழுப்பு நிறத் துணித் துண்டு ஒன்றை என் கையில் கொடுத்தார். தேநீர்க் கறை படிந்த வேட்டியைப் போல இருந்தது. சாம்பல் நிறச் சீருடைத் துணி போதாமல், பட்டர்நட் மரத்தின் பட்டையையும் காய்த்தோட்டையும் காய்ச்சி வீட்டிலேயே சாயம் தோய்த்ததால், தெற்கத்தியருக்குப் 'பட்டர்நட்' என்ற பெயரும் ஒட்டிக்கொண்டதாம். நீலச் சீருடை அணிந்த வடக்கத்தியரோ 'நீல வயிற்றுக்காரர்' என்று ஏசப்பட்டனர்.

என்னை மிகவும் நெகிழச் செய்தது, வர்ஜீனியாவில் ஓடும் ராப்பஹானக் ஆற்றின் கதை. அதன் கரையில் 1862 டிசம்பரில் நடந்த பிரெடரிக்ஸ்பர்க் போருக்குப் பிந்தைய குளிர்காலத்தில், இரு கரைகளிலும் காவல் நின்றவர்கள் 'ஜானி', 'யாங்க்' என்று கூவி அழைத்து, அதிகாரிகளின் தடையையும் மீறி, சிறு பொம்மைப் படகுகளில் வடக்கின் காபியையும் தெற்கின் புகையிலையையும் மாற்றிக்கொண்டார்கள். வடக்கின் கடல் முற்றுகையால் தெற்கில் காபிக்குப் பெரும் தட்டுப்பாடு. அதே இரு படைகள்தாம் 1863 ஜூலை 1 முதல் 3 வரை இங்கே மோதின. மாண்டோர், காயமுற்றோர், பிடிபட்டோர், காணாமற்போனோர் என ஏறத்தாழ 51,000 பேர்.

இந்தச் செல்லப் பெயர்கள் போரின் வேராக இருந்த அடிமை முறையை மறக்கடித்துவிடக் கூடாது என்று நான் சொன்னபோது, அவர் காரை ஓரமாக நிறுத்திவிட்டு, வடக்கின் படையில் சேர்ந்த சுமார் 1,80,000 கறுப்பினச் சிப்பாய்களைப் பற்றிப் பொறுமையாக விளக்கினார். அந்தப் பத்து நிமிடத்துக்காகவே அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

1913-இல் முன்னாள் எதிரிகள் முதியவர்களாகக் கைகுலுக்கிக்கொண்ட கற்சுவரை அவருடன் பார்த்தோம். தேசியக் கல்லறைத் தோட்டத்துக்கு நீங்கள் தனியே நடந்து செல்லுங்கள். அங்கே அடையாளம் தெரியாத 979 வீரர்களின் சின்னஞ்சிறு பளிங்குக் கற்களில் எண் மட்டுமே பொறிக்கப்பட்டிருக்கிறது. குனிந்து படிக்க வேண்டியிருப்பதால், வெளிச்சம் இருக்கும்போதே போய்விடுங்கள்.