புதுசு என்று விற்ற பழைய புல்வெட்டி: 42,500 ரூபாய் போச்சு, நீங்களாவது உஷாராக இருங்கள்

கோவையில் பம்ப்செட், ஸ்ப்ரேயர், பவர் டில்லர் எல்லாம் விற்கிற ஒரு பெரிய கடையில், தள்ளிக்கொண்டே போகிற பெட்ரோல் புல்வெட்டி ஒன்றை வாங்கி 42,500 ரூபாயைத் தொலைத்திருக்கிறோம். இப்போதுதான் அந்தக் கடைப் பையனிடம் போனில் கத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறேன், கை இன்னும் நடுங்குகிறது. புகார் கொடுத்திருப்பதால் கடைப் பேரைப் போடாதே என்று வக்கீலாக இருக்கிற சித்தப்பா சொல்லிவிட்டார், அதனால் யாரும் பேர் கேட்காதீர்கள். மலையில் காட்டேஜ், ஸ்கூல், பங்களா என்று புல்தரை வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் கீழே இறங்கி இந்த மாதிரிக் கடைகளில்தான் வாங்குகிறோம், அதற்காகத்தான் எழுதுகிறேன்.

எங்களுக்குக் கோத்தகிரியில் சின்ன ஹோம்ஸ்டே. வாசலில் சரிவாக இறங்குகிற புல்தரை, முழுக்கக் கிக்குயு புல். மழை பிடித்துவிட்டால் அது வளர்கிற வேகம் நீலகிரிக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். இத்தனை நாளாகத் தோளில் மாட்டுகிற பிரஷ் கட்டரை வைத்து ஓட்டினோம். அது மட்டமாக வெட்டாது, இங்கே மொட்டை அங்கே சடை என்று விட்டுவிட்டுப் போகும், போதாததற்கு ஒரு தடவை கல் தெறித்து கெஸ்ட் கார் கண்ணாடியில் விரிசல். சரி, ஒழுங்காக ஒரு லான் மூவரே வாங்கிவிடலாம் என்று கோவைக்கு இறங்கினோம்.

கடையில் முதலாளி அறுபது தாண்டியவர், நெற்றி நிறைய விபூதி. நுழைந்ததுமே "வாங்க அம்மிணி, உட்காருங்க, தம்பி ரெண்டு டீ சொல்லு" என்றார். நாங்கள் கேட்பதற்கு முன்னாலேயே சரிவு எவ்வளவு, என்ன புல், யார் ஓட்டுவார்கள் என்று கேட்டார். பாருங்கள், இந்தக் கேள்விகள் எல்லாம் சரியான கேள்விகள்! தெரிந்த ஆள் என்று நமக்குத் தோன்றிவிடுகிறது. விலை குறைந்த ஒன்றைக் காட்டி "இது உங்க மேட்டுக்கு ஆகாதுங்க, வேண்டாம்" என்று அவரே ஒதுக்கி வைத்தார். விற்கிறவனே ஒன்றை வேண்டாம் என்று சொன்னால் யாருக்குத்தான் நம்பிக்கை வராது? அப்புறம் உள்ளேயிருந்து சிவப்பு பெயிண்ட் பளபளக்க இந்த மெஷினை உருட்டிக்கொண்டு வந்தான் பையன். கயிற்றை ஒரே இழுப்பு, ஸ்டார்ட் ஆகிவிட்டது. என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு "சார் புடிச்சுப் பாருங்க" என்றார்கள், பணம் கட்டுவது நான், மெஷினைப் பற்றிக் கேள்வி கேட்டதும் நான், பதில் மட்டும் அவரைப் பார்த்து. அது கிடக்கட்டும்.

"புதுப் பீஸ் தானே?" என்று நேராகவே கேட்டேன். "நேத்துதான் பெட்டி பிரிச்சோம் அம்மிணி, உங்களைப் போய் ஏமாத்துவேனா, எனக்கும் உங்க வயசுல பொண்ணு இருக்கு" என்றார். அந்தப் பெண்ணுக்காவது நல்லது நடக்கட்டும். ஜிபேயில் 42,500 போனது. பில்லில் "புல் வெட்டும் இயந்திரம் 1" என்று மட்டும் இருந்தது. இன்ஜின் நம்பர் எங்கே என்று கேட்டதற்கு, அதெல்லாம் வாரண்டி கார்டில் வரும், கம்பெனியில் பதிந்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவோம் என்றான் பையன். அந்தக் கார்டு இன்றுவரை வரவில்லை.

டெம்போவில் மெஷினைப் படுக்கப் போட்டு அனுப்பியிருந்தார்கள். முதல் தடவை ஸ்டார்ட் செய்ததும் வெள்ளைப் புகை முற்றமெல்லாம் சூழ்ந்துகொண்டது. ஆயில் ஏர் பில்டருக்குள் இறங்கியிருந்தது, படுக்கப் போட்டால் வேறென்ன ஆகும்! பில்டரைக் கழற்றித் துடைத்து, ஆயில் அளவு பார்த்து ஓட்டினோம். புகை நின்றது. ஆனால் அதிர்வு நிற்கவில்லை. எங்கள் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிற அண்ணன் பாதித் தரை வெட்டுவதற்குள், கை மரத்துப்போச்சு என்று விட்டுவிட்டார். வீடியோ எடுத்துக் கடைக்கு அனுப்பினேன். தேதியோடு இருக்கிறது, இது முக்கியம், பின்னால் வரும்.

அன்றிலிருந்து ஆரம்பித்தது கடைப் பையனின் சாக்கு. "புது இன்ஜின் அப்படித்தாங்க்கா இருக்கும், ரெண்டு டேங்க் ஓடினா செட் ஆயிடும்." ஓட்டினோம், ஆகவில்லை. "நீங்க மலை மேல இருக்கீங்க, அதான்." இதற்குத்தான் எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. கோத்தகிரி சுமார் 6,000 அடி. காற்று மெலிது, இன்ஜினுக்கு ஆயிரம் அடிக்கு 3 சதவீதம் போலச் சக்தி குறையும், பெட்ரோல் அதிகமாகக் கலந்து கரும்புகை கூட வரலாம், கார்ப்ரேட்டரில் பெட்ரோல் வருகிற ஜெட்டை மாற்றினால் சரியாகும். உயரத்துக்காக ஒரு மெஷின் கை மரக்கிற அளவுக்கு ஆடாது. இங்கே எத்தனை தேயிலைத் தோட்டத்தில் மெஷின் வைத்து இலை வெட்டுகிறார்கள், அவர்கள் கையெல்லாம் மரத்துப்போயா கிடக்கிறது? இதைச் சொன்னதும் "அப்பா கிட்ட கேட்டுச் சொல்றேங்க்கா" என்றான். அப்பா, அதாவது முதலாளி, பழனிக்குப் போயிருக்கிறாராம். அடுத்து கூப்பிட்டபோது அப்பா திருச்செந்தூரில். ஆறுபடை வீடும் முடித்துவிட்டுத்தான் வருவார் போல. சர்வீஸ் ஆளையாவது அனுப்பு என்றால், நீலகிரிக்குள் வண்டி நுழைய வாங்குகிற இ-பாஸ் கிடைக்கவில்லையாம்! ஆன்லைனில் பதிந்து வாங்குகிற பாஸ், அதுவும் அரசு பஸ்ஸில் வந்தால் தேவையே இல்லை.

இதற்கு நடுவில்தான் அது நடந்தது. காலையில் பனி ஈரம் இன்னும் முழுசாகக் காயவில்லை, அண்ணன் சரிவின் குறுக்காக ஓட்டிக்கொண்டிருந்தவர் கால் வழுக்கி உட்கார்ந்துவிட்டார், கை கைப்பிடியை விட்டுவிட்டது. இந்த மெஷினில் கைப்பிடியோடு சேர்த்துப் பிடிக்கிற மாதிரி வளைந்த கம்பி ஒன்று இருக்கும். அதை அழுத்திப் பிடித்திருந்தால்தான் இன்ஜின் ஓட வேண்டும், விட்டால் தானாக நின்றுவிட வேண்டும், அதற்காகவே வைத்தது. அமெரிக்காவில் 1982-லிருந்தே, கையை விட்ட 3 நொடிக்குள் பிளேடு நின்றாக வேண்டும் என்று விதி இருக்கிறது. எங்கள் மெஷின் நிற்கவில்லை. அப்படியே ஓடிக்கொண்டே சரிவில் இறங்கி, ஹைட்ரேஞ்சியாச் செடிகளை அரைத்துக்கொண்டு போய் ஓரக் கல்லில் மோதித்தான் நின்றது. நிமிஷத்துக்கு 3,000 தடவை சுற்றுகிற பிளேடு. அரை மணிக்கு முன்னால் அந்த ஓரத்தில்தான் கெஸ்ட்டின் குழந்தை பந்து விளையாடிக்கொண்டிருந்தது. அண்ணனுக்குச் சிராய்ப்போடு போயிற்று, அதுவே பெரிய விஷயம்.

கடைக்குச் சொன்னால் ஐயா என்ன சொன்னார் தெரியுமா? பையன் இல்லை, ஐயாவே எடுத்தார், ஆறுபடை வீடும் முடிந்துவிட்டது போல. "கல்லுல மோதிட்டீங்களா, அப்ப வாரண்டி போச்சுங்க அம்மிணி." ஒரு மனுஷன் கீழே விழுந்தாரே, அடி பட்டதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மோதுவதற்கு முன்னால் அனுப்பின அதிர்வு வீடியோ இருக்கிறதே என்றேன். "பார்க்கிறோம்ங்க" என்று வைத்துவிட்டார்.

குன்னூரில் தேயிலை வெட்டும் மெஷின் எல்லாம் பார்க்கிற மெக்கானிக் ஒருத்தரிடம் கொண்டுபோனோம். அவர் முதல் வேலையாக ஸ்பார்க் பிளக் தொப்பியைப் பிடுங்கி ஒதுக்கிக் கட்டினார், பெட்ரோல் வால்வை மூடினார், ஏர் பில்டர் பக்கம் மேலே இருக்கிற மாதிரி மெஷினைச் சாய்த்தார். அடிப்பக்கத்தை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு என்னிடம் ஒற்றை ரூபாய் காசு கேட்டார். அதை வைத்துச் சுரண்டினார். சிவப்பு பெயிண்ட் தோலாக உரிந்து வந்தது, அதன் அடியில் காய்ந்து கறுத்த புல். புல்லைக் கூடச் சுத்தம் செய்யாமல் அதன் மேலேயே பெயிண்ட் அடித்திருக்கிறார்கள்! நேற்று பெட்டி பிரித்த மெஷின்!

பிளேடு போல்ட்டின் மூலைகள் ஸ்பேனர் போட்டுப் போட்டு மழுங்கிப் போயிருந்தன. பிளேடைக் கழற்றி நடு ஓட்டையை ஆணியில் மாட்டினார், ஒரு பக்கம் தொபுக்கென்று இறங்கிவிட்டது. ஒரு முனையை மட்டும் கிரைண்டரில் அதிகமாகத் தேய்த்திருக்கிறார்கள். அப்புறம் பிளேடை மூடியிருக்கிற கூட்டில் ஒரு ஸ்க்ரூடிரைவரை ஊன்றி, அதன் முனையை, பிளேடு மாட்டுகிற கிராங்க் தண்டின் முனைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கயிற்றை மெல்ல இழுக்கச் சொன்னார். தண்டு சுற்றச் சுற்ற நடுவிலிருக்கிற சந்து விரிந்து, ஒட்டி, விரிந்து, ஒட்டி. கிராங்க் வளைந்திருக்கிறது. எங்கள் கல் இடித்ததில் வளைந்தது என்றால் முதல் நாள் வீடியோவில் எப்படி ஆடுகிறது? கடைசியாகக் கறுப்பு மூடியைக் கழற்றினார். கைப்பிடிக் கம்பியிலிருந்து வருகிற கேபிள் இன்ஜினில் சேருகிற இடத்தில், இன்ஜினை நிறுத்துகிற பிரேக் எப்போதுமே பிடிக்காமல் இருக்கிற மாதிரி ஒரு பிளாஸ்டிக் டேக் போட்டு இறுக்கியிருந்தது. கம்பியைப் பிடித்தாலும் விட்டாலும் ஒன்றுதான். கடையில் ஓட்டிக் காட்டினபோது பையன் ஆக்ஸிலரேட்டர் லிவரைக் கீழே தள்ளித்தான் நிறுத்தினான், எங்களுக்கும் அப்படியே சொல்லிக் கொடுத்தான். ஏன் என்று இப்போது புரிகிறது.

பணத்தை விடுங்கள், இந்த டேக்கை மன்னிக்கவே முடியாது. பழசைப் புதுசு என்று விற்பது திருட்டு. பிரேக்கைக் கட்டிப் போட்டு விற்றவனை என்னவென்று சொல்வது?

கிராங்க் மாற்ற இன்ஜின் முழுக்கப் பிரிக்கணும், "இதுல இன்னும் காசைக் கொட்டாதீங்க மேடம்" என்று அவரே சொல்லிவிட்டார். ஆக 42,500-ம் முழுசாகப் போச்சு. போட்டோ எல்லாம் அனுப்பினதற்கு, பில்லின் கீழே "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று இருக்கிற வரியை வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புகிறான் பையன். இன்று போனில் கத்தினது அதற்குத்தான். அந்த வரிக்கு மதிப்பே கிடையாது என்கிறார் சித்தப்பா. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பழுதான பொருளைத் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதே முறையற்ற வணிகம், பில்லில் கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாளுக்குள். 1915 என்கிற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்து பதிந்தாயிற்று. அடுத்து ஊட்டியில் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கோவைக்கு அலைய வேண்டியதில்லை, 5 லட்சம் வரை கட்டணமும் இல்லை, 2 வருஷத்துக்குள் போட வேண்டும், அவ்வளவுதான்.

எப்படிப் பார்த்து வாங்குவது, எப்படிப் பராமரிப்பது என்று விவரமாக எழுதலாம் என்றுதான் ஆரம்பித்தேன், இப்போது பொறுமை இல்லை. அவசரமாகச் சிலது. கடையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் இன்ஜின் பக்கம் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், சூடாக இருந்தால் ஏற்கெனவே ஓட்டி வைத்திருக்கிறார்கள். பிளக் தொப்பியைக் கழற்றச் சொல்லி, சாய்த்து அடிப்பக்கம் பாருங்கள், கூச்சப்படாதீர்கள். ஓடும்போது கம்பியை விடச் சொல்லுங்கள், மூன்று எண்ணுவதற்குள் நிற்கவில்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள், டீ குடித்திருந்தாலும் பரவாயில்லை. இன்ஜின் நம்பர் பில்லிலேயே வேண்டும். இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், ரொம்ப நாள் ஓட்டாமல் வைப்பதாக இருந்தால் டேங்கையும் கார்ப்ரேட்டரையும் காலி செய்துவிடுங்கள். சூடாக இருக்கும்போது பெட்ரோல் ஊற்றாதீர்கள். ஈரப் புல்லில் ஓட்டவே வேண்டாம், சரிவில் எப்போதும் குறுக்காக. வெட்டும்போது குழந்தைகள் வீட்டுக்குள். உங்களிடம் ஏற்கெனவே மெஷின் இருந்தால் இன்றைக்கே அந்தக் கம்பியை விட்டுப் பாருங்கள்.

கோத்தகிரி, குன்னூர் பக்கம் யாரிடமாவது நல்ல புல்வெட்டி வாடகைக்குக் கிடைத்தால் சொல்லுங்கள். சனிக்கிழமை கெஸ்ட் வருகிறார்கள், கணுக்காலுக்கு மேல் புல் நிற்கிறது.