பழைய பெயரை நம்பி டிவி வாங்காதீர்கள், என் ஒரு மாதச் சம்பளம் போச்சு

கோபத்தோடுதான் எழுதுகிறேன். இன்று காலை கடைசி மெயில் வந்தது: "உங்கள் புகார் தீர்க்கப்பட்டு முடித்துவைக்கப்பட்டது." எதுவும் தீரவில்லை. டிவி சுவரில் கறுப்பாகத் தொங்குகிறது. சத்தம் வருகிறது, படம் இல்லை. ஒரு மாதச் சம்பளம் அப்படியே போய்விட்டது.

பிராண்ட் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஒரு தலைமுறைக்கே ரேடியோவும் டிவியும் விற்ற பழைய பெயர். இப்போது மலிவு விலை ஸ்மார்ட் டிவிகளில் அதே பெயர் வருகிறது. நான் வாங்கியது ஒரு பெரிய ஆன்லைன் தளத்தில், தள்ளுபடி விற்பனையின்போது.

அதே விலையில் கேள்விப்படாத பெயர்கள் வரிசையாக இருந்தன. எல்லாவற்றையும் தள்ளிவிட்டு இதைப் பிடித்ததற்கு ஒரே காரணம் அந்த லோகோ. எங்கள் வீட்டுப் பழைய பெட்டி டிவியில் இருந்த அதே எழுத்து, அதே நிறம். போனில் அம்மாவுக்குக் காட்டியபோது அவர் முகமே மலர்ந்துவிட்டது. "இந்தக் கம்பெனியா? யோசிக்கவே யோசிக்காத, வாங்கிடு. நம்ம டிவி எத்தன வருஷம் உழைச்சுது!" தளத்தின் பக்கத்திலும் 'தலைமுறைகளின் நம்பிக்கை' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். நாலு ஸ்டாருக்கு மேல். பணத்தைக் கட்டினேன்.

வாரன்டி முடிய இன்னும் மாதங்கள் இருக்கும்போதே படம் போனது. திரைக்குப் பக்கத்தில் டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே மங்கலாகப் படம் ஓடுவது தெரிகிறது. அப்படித் தெரிந்தால் பேக்லைட், அதாவது திரைக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் கொடுக்கும் எல்.இ.டி. விளக்குகள், போய்விட்டது என்று அர்த்தம். விசாரித்தபோது ஒரு மெக்கானிக் விளக்கினார்: குறைந்த எண்ணிக்கையில் எல்.இ.டி. வைத்து, வெளிச்சம் குறையாமலிருக்க அதில் கூடுதல் கரண்ட் ஓட்டினால் சீக்கிரம் சூடேறிக் கருகும். தொடராகக் கோத்த பட்டையில் ஒன்று அறுந்தாலே மொத்தமும் அணையும்.

தளத்தைக் கேட்டேன். "ரிட்டர்ன் காலம் முடிஞ்சிடுச்சு சார், பிராண்டைத் தொடர்பு கொள்ளுங்க." பிராண்டின் எண்ணில் ஒரு பெண் மாடல் எண்ணைக் கேட்டுவிட்டு, "சார், இந்த மாடல் எங்க சிஸ்டத்துலயே இல்ல. இது முந்தைய லைசென்ஸ் கம்பெனி விட்டது" என்றார். லோகோ உங்களுடையதுதானே என்று கேட்டேன். "பேர் அதேதான் சார், கம்பெனி வேற." விற்றவரின் கணக்கைத் தேடினால் தளத்திலேயே காணோம். மறுபடி தளம், மறுபடி பிராண்ட். ஒருவழியாக ஒரு டெக்னீஷியன் வந்தார். பின்மூடியைக்கூடக் கழற்றவில்லை. போட்டோ எடுத்துக்கொண்டு போய், 'வெளிப்புறச் சேதம், வாரன்டி பொருந்தாது' என்று எழுதிவிட்டார். ஒரு கீறலும் இல்லாத டிவி! கத்திய பிறகு கிடைத்தது என்ன தெரியுமா? அடுத்த டிவி வாங்கும்போது பயன்படுத்த ஒரு தள்ளுபடி கூப்பன். ஒரு மாதச் சம்பளத்தைத் தொலைத்தவனிடம் இன்னொரு டிவி வாங்கச் சொல்கிறார்கள்.

பின்பக்கம் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை அப்புறம் படித்தேன். பொடி எழுத்தில், தயாரித்து விற்பது வேறொரு கம்பெனி. பிராண்ட் பெயர் லைசென்ஸின்படி, அதாவது வாடகைக்கு எடுத்து, பயன்படுத்தப்படுகிறது. வாங்கும் பக்கத்தில் இந்த வரி எங்குமே கண்ணில் படவில்லை.

இது ஒன்றும் புதிய ஏற்பாடு அல்ல. கீழே சொல்லும் பெயர் எதுவும் என் டிவியுடையது அல்ல, எல்லாம் பதிவான வரலாறு. போலராய்ட் 2001-ல் திவாலானது. பிறகு அந்தப் பெயர் கைமாறி, உடனடி போட்டோ கேமராவோடு சம்பந்தமே இல்லாத டிவிகளில் ஏறியது. கோடக் 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்பு கேட்டது. இன்று கோடக் டிவி விற்பவர்கள் பெயரை வாடகைக்கு எடுத்தவர்கள். அமெரிக்காவின் பழைய ரேடியோ, டிவி கம்பெனியான ஆர்.சி.ஏ.வை 1986-ல் ஜெனரல் எலக்ட்ரிக் வாங்கியது, அங்கிருந்து பிரான்ஸின் தாம்சன் கம்பெனிக்குப் போனது, அப்புறம் லைசென்ஸ் பெயராகவே சுற்றியது. பிலிப்ஸ் டிவி தொழில் 2012-ல் கூட்டு நிறுவனத்துக்குப் போய், 2014-ல் முழுவதும் அதன் கூட்டாளியான டி.பி.வி. என்ற கம்பெனியின் கைக்குப் போனது. இதில் கவனிக்க வேண்டியது ஷார்ப் கதை: அமெரிக்காவில் டிவிக்குத் தன் பெயரைச் சீனக் கம்பெனியான ஹைசென்ஸுக்கு லைசென்ஸ் கொடுத்துவிட்டு, தரம் குறைந்த டிவிகளால் பெயர் கெடுகிறது என்று 2017-ல் ஷார்ப்பே வழக்குப் போட்டது. ஹைசென்ஸ் மறுத்தது, பின்னர் ஷார்ப் வழக்கைத் திரும்பப் பெற்றது. முடிவு எதுவானாலும், பெயரின் சொந்தக்காரனே கவலைப்படும் நிலை வந்தது பாருங்கள்.

எதிர்த்திசையிலும் நடக்கிறது. கேசட் செய்து 1981-ல் தொடங்கிய சீனக் கம்பெனி டி.சி.எல். இன்று உலகின் பெரிய டிவி தயாரிப்பாளர்களில் ஒன்று. சாம்சங் 1995-ல் தென் கொரியாவின் குமி தொழிற்சாலையில் குறையுள்ள போன்கள் உட்பட சுமார் ஒன்றரை லட்சம் கருவிகளை ஊழியர்கள் முன்னாலேயே எரித்தது. அதுவரை அதுவும் மலிவு சரக்குப் பெயர்தான். இவர்கள் உழைத்து ஏற்றிய பெயர். என்னிடம் விற்றவர்கள் யாரோ உழைத்த பெயரை ஒட்டி விற்றார்கள். எனக்கு எரிவது அதுதான்.

விரிவாக ஆலோசனை எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. அவசரமாகச் சில மட்டும். லோகோவைப் பார்க்காதீர்கள், 'தயாரிப்பாளர்', 'இறக்குமதியாளர்' என்ற வரியைத் தேடிப் படியுங்கள். சர்வீஸ் எண்ணுக்கு வாங்குவதற்கு முன்னாலேயே போன் போட்டு, இந்த மாடல் எண் உங்கள் சிஸ்டத்தில் இருக்கிறதா, பேனலும் (படம் தெரியும் திரை) பேக்லைட்டும் வாரன்டியில் உண்டா என்று கேளுங்கள். ஸ்டாரை நம்பாதீர்கள், பெரும்பாலும் பெட்டி வந்த அன்று எழுதியவை அவை, ஒரு வருடம் ஓட்டியவர் எழுதியதை மட்டும் படியுங்கள். அதே மாடல் எண்ணில் பேனலை மாற்றி விடுவதும் உண்டு, ஆகவே அதைக்கூட முழுசாக நம்பிவிட முடியாது. டெக்னீஷியன் வரும்போது நீங்களும் வீடியோ எடுங்கள், அவர் எழுதுவதைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

ரசீது, ஸ்டிக்கர் போட்டோ, மெயில்கள் எல்லாவற்றையும் சேர்த்து நுகர்வோர் புகார் கொடுக்கப் போகிறேன். இப்படி 'கம்பெனி வேற' என்று கைவிரித்தவர்களிடமிருந்து பணம் திரும்ப வாங்கியவர் யாராவது இருந்தால், யார் மேல் புகார் கொடுத்தீர்கள், தளத்தின் மீதா ஸ்டிக்கரில் இருந்த கம்பெனி மீதா என்று சொல்லுங்கள். ஒரு மாதச் சம்பளம், சும்மா விட முடியாது.